சேப்பாக்கம், 31 ஜனவரி 1999: அந்தக் கைதட்டல் எங்கிருந்து வந்தது?

(ரசிகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட பதிவுகள். ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் புனைபெயர்.)

கேலரிக்காரன்

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா என்னை முதன்முதலாக டெஸ்ட் பார்க்க அழைத்துப்போனது அன்றைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை, பாகிஸ்தானுடன் நான்காம் நாள். வாலாஜா சாலை வரிசையில் நிற்கும்போதே எல்லோரும் சச்சின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் இன்னிங்ஸில் அவர் பூஜ்யம்.

ஜெயிக்க 271 வேண்டும். 82 ஓட்டத்துக்கு 5 விக்கெட் போய்விட்டது. அதற்கப்புறம் சச்சினும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ஓட்டம் எடுத்தார்கள். சச்சினுக்கு முதுகு வலி. குனிய முடியாமல் குனிந்து, மட்டையை ஊன்றி நின்று, மறுபடி ஆடினார். 136 எடுத்திருந்தபோது சக்லைன் முஷ்டாக் வீசிய பந்தைத் தூக்கி அடித்தார், வாசிம் அக்ரம் பிடித்தார். பாக்கி 17 ஓட்டம், கையில் மூன்று விக்கெட். நான்கு ஓட்டம் சேர்வதற்குள் மூன்றும் போயின. 258. பன்னிரண்டு ஓட்டத்தில் தோல்வி.

அந்த அமைதியை இன்னும் என்னால் விவரிக்க முடியவில்லை. அவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் காகம் கத்துவது கேட்டது. பிறகு எங்கோ ஒரு பக்கம் கைதட்டல் ஆரம்பித்து, அப்படியே பரவி வந்தது. அப்பா எழுந்தார். அவரைப் பார்த்து நானும் எழுந்தேன். முன்னால் இருந்தவர்கள் மறைத்ததால் சிமெண்ட் படியில் ஒரு படி மேலே ஏறி நின்று தட்டினேன். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். எங்கள் பக்கம் வந்தபோது சத்தம் இன்னும் கூடியது.

இரு நாடுகளும் டெஸ்ட் ஆடி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அந்தத் தொடருக்கு முன் டெல்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தார்கள், அதனால்தான் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் இது நடந்தது.

நம் நாட்டுக்குக் கிரிக்கெட் மேல் உள்ள பித்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பித்து ஆட்டத்தின் மேலா, ஜெயிப்பதன் மேலா? அன்றைக்குக் கைதட்டியவர்கள் அதை யாரிடம் கற்றார்கள்? என் வரையில், பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் கற்றார்கள் என்று நினைக்கிறேன். அப்பா எழுந்திருக்காவிட்டால் நான் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

பொங்கல் டெஸ்ட்

தம்பி, நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்தப் பழக்கம் 1999-ல் ஆரம்பித்தது இல்லை.

1975 பொங்கல் சமயம். மேற்கிந்தியத் தீவுகளுடன் டெஸ்ட். ஆண்டி ராபர்ட்ஸ் வீசிய வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. 64 ஓட்டம் கொடுத்து 7 விக்கெட். நம் அணி மொத்தமே 190. அதில் குண்டப்பா விஸ்வநாத் மட்டும் 97, கடைசிவரை அவுட் ஆகாமல். கடைசி ஆள் சந்திரசேகர் அவுட்டானபோது, சதம் போய்விட்டதே என்று கேலரியில் ஒரு பெருமூச்சு. விஸ்வநாத் உள்ளே நடந்துபோகும்போது எழுந்து நின்றோம். அதே மூச்சில் ராபர்ட்ஸுக்கும் தட்டினோம். யாரும் சொல்லித் தட்டவில்லை. இவ்வளவு நல்ல பந்துவீச்சு இல்லாமல் இவ்வளவு நல்ல 97 வந்திருக்காது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த டெஸ்டில் நாம் 100 ஓட்டத்தில் ஜெயித்தோம், அது வேறு.

எங்கள் கேலரியில் நாலு பேர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நோட்டும் பென்சிலும் கொண்டுவருவார்கள். பந்து பந்தாகப் புள்ளி வைத்து எழுதுவார்கள். ஒரு ஓவரில் ஓட்டமே இல்லாவிட்டாலும் அதில் என்ன நடந்தது என்று அவர்களால் சொல்ல முடியும். பக்கத்தில் உட்கார்ந்த சிறுபிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்போம். வானொலியில் தமிழ் வர்ணனை வந்த பிறகு, மைதானத்துக்கு வர முடியாதவர்களுக்கும் அந்தப் படிப்பு கிடைத்தது. அப்துல் ஜப்பார் பந்து போகும் திசையைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு மைதானத்தை வரைந்துவிடலாம். பார்க்காமலே ஆட்டத்தைப் புரிந்துகொண்ட தலைமுறை அது. ஓட்ட எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதும் என்று நாங்கள் இருந்ததில்லை.

நாம் முதல் டெஸ்ட் வெற்றி கண்டதும் இதே சென்னையில், 1952 பிப்ரவரியில், இங்கிலாந்துக்கு எதிராக. வினு மன்கட் முதல் இன்னிங்ஸில் 55 ஓட்டத்துக்கு 8 விக்கெட். முதல் டெஸ்ட் ஆடியது 1932-ல். இருபது வருடம் ஜெயிக்காமலே இந்த நாடு கிரிக்கெட் பார்த்திருக்கிறது. ஜெயிப்பதற்காக மட்டும் பார்த்திருந்தால் அதற்குள் விட்டுவிட்டிருப்பார்கள்.

ஆறாவது ஸ்டம்ப்

நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். கல்லூரிக் காலம். சில விஷயங்களை நேராகச் சொல்ல வேண்டும்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள் என்று இப்போது சொல்கிறோம். சச்சின் அவுட்டானதும் என் வரிசையில் ஆறேழு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். எனக்கு முன்னால் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர் கடைசிவரை நிமிரவில்லை. என் நண்பன் கைதட்டவில்லை, இன்றுவரை அதற்காக அவன் வருத்தப்பட்டதும் இல்லை. நான் தட்டினேன். தட்டும்போது கண்ணில் நீர் வந்துகொண்டிருந்தது. அதில் பாதி சச்சினுக்காக.

இதைச் சொல்வது அந்த நாளைச் சிறுமைப்படுத்த இல்லை. எளிதாக வந்த கைதட்டல் என்று ஆக்கிவிட்டால் அதன் மதிப்பு போய்விடும். தொண்டையை அடைக்கும்போது தட்டியதுதான் அதன் பெருமை.

அப்புறம், சேப்பாக்கம் என்றாலே 1999 என்று நிற்கிறோம். 1987 உலகக் கோப்பையை யாரும் நினைப்பதில்லை. அக்டோபர் 9, ஆஸ்திரேலியாவுடன் முதல் ஆட்டம். டீன் ஜோன்ஸ் அடித்த ஒன்றுக்கு அம்பயர் நான்கு கொடுத்தார். அது ஆறு என்று அவர்கள் சொல்ல, இன்னிங்ஸ் இடைவேளையில் கபில்தேவ் ஒப்புக்கொண்டார். 268 என்பது 270 ஆனது. நாம் எடுத்தது 269. ஸ்டீவ் வா வீசிய பந்தில் மனிந்தர் போல்டு. ஒரே ஒரு ஓட்டத்தில் தோற்றோம். கபில் தலையை ஆட்டி மறுத்திருந்தால் நாம் ஜெயித்திருப்போம். அந்த இரண்டு ஓட்டத்தை விட்டுக்கொடுத்த தலைவர் நம் தலைவர். ரசிகர்கள் யாரிடம் கற்றார்கள் என்று கேட்டால், ஆடியவர்களிடமும் கற்றார்கள் என்பேன்.

ஹூக்ளிக்கரை

இருபத்தெட்டு வருடமாகக் கொல்கத்தாவில் இருக்கிறேன். சேப்பாக்கத்தைப் புகழும்போதெல்லாம் ஈடன் கார்டன்ஸைக் குறை சொல்லி முடிப்பார்கள், இங்கேயும் அது வரும் என்று தெரியும். அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

ஆமாம், 1996 மார்ச் 13 நடந்தது. இலங்கையுடன் உலகக் கோப்பை அரையிறுதி, 252 வேண்டும். 98-க்கு ஒரு விக்கெட் என்று இருந்தது, சச்சின் 65-ல் ஸ்டம்பிங் ஆனார். அப்புறம் 120-க்கு 8. பாட்டில்கள் பறந்தன, இருக்கைகளில் தீ வைத்தார்கள், நடுவர் கிளைவ் லாயிட் ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்துவிட்டார். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே நடந்து வந்தார். நீங்கள் சொல்லும் சென்னை டெஸ்ட் முடிந்து மூன்றே வாரத்தில், அதே பாகிஸ்தானுடன் இங்கே டெஸ்ட். சச்சின் ஷோயிப் அக்தர் மேல் மோதி ரன் அவுட்டானார். கடைசி நாளில் மொத்த மைதானத்தையும் காலி செய்துவிட்டு வெறும் இருக்கைகளுக்கு முன்னால் ஆடி முடித்தார்கள்.

இரண்டும் வெட்கக்கேடு. நான் மறைக்கவில்லை.

ஆனால் இரண்டு வருடம் கழித்து, 2001 மார்ச்சில், இதே ஈடனில் என்ன நடந்தது? ஆஸ்திரேலியா தொடர்ந்து 16 டெஸ்ட் ஜெயித்துவிட்டு வந்து நம்மை ஃபாலோ ஆன், அதாவது உடனே இரண்டாவது இன்னிங்ஸ், ஆட வைத்தது. 274 ஓட்டம் பின்தங்கியிருந்தோம். நான்காம் நாள் காலையில் தோல்வி உறுதி என்று நினைத்த ஊர், மதியத்துக்குள் அலுவலகத்தை விட்டு மைதானத்துக்கு ஓடியது. லட்சுமணும் திராவிடும் அன்று முழுக்க அவுட் ஆகவில்லை. 281, 180. ஐந்தாம் நாள் ஹர்பஜன் ஒவ்வொரு பந்து வீசும்போதும் எழுந்த ஓசை என் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. அது அதே மக்கள். 1996-ல் எரித்த அதே ஊர். அவ்வளவு பெரிய நம்பிக்கையைச் சுமக்கத் தெரிந்தவர்களுக்கு அது உடையும்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. சென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் சென்னையில் பிறந்தவன், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் இங்கே இருப்பவர்கள் ஆட்டத்தைக் குறைவாக நேசிக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன்.

ஹாக்கி மட்டை

எல்லோரும் கிரிக்கெட் பற்றி இவ்வளவு அன்பாகப் பேசும் இடத்தில் இதைச் சொல்வது கடினம்தான், ஆனால் சொல்கிறேன்.

நான் கல்லூரியில் ஹாக்கி ஆடியவன். 1975-ல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்து உலகக் கோப்பை வாங்கியபோது எங்கள் தெருவே வானொலியைச் சுற்றி நின்றதாக அப்பா சொல்வார். 1980 மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன், நம் சென்னைக்காரர். அப்போது இந்த நாடு ஹாக்கியைத்தான் நெஞ்சில் வைத்திருந்தது. நடுவில் என்ன ஆனது?

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து ஹாக்கி செயற்கைப் புல்லுக்குப் போனது. நம் ஊர்ப் பள்ளிகளில் புல்தரையே சரியாக இல்லை, செயற்கைப் புல்லுக்கு எங்கே போவது? அதே சமயத்தில்தான் 1982 ஆசிய விளையாட்டுக்காக வண்ணத் தொலைக்காட்சி வந்தது, அடுத்த வருடம் ஜூன் 25-ல் லார்ட்ஸில் கபில் கோப்பையைத் தூக்கினார். ஓவருக்கு ஓவர் இடைவெளி உள்ள ஆட்டம் அது, விளம்பரம் போடத் தோதானது. ஹாக்கி நிற்காமல் ஓடும். பணம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டுமா? இன்று ஐபிஎல்லின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்.

2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி, 4-3 என்று ஜெயித்தோம். நான் அங்கே இருந்தேன். அரங்கு நிறைந்திருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, மக்களுக்கு அன்பு குறையவில்லை, காட்டத்தான் வாய்ப்பில்லை என்று தோன்றியது. ஒரு நாட்டின் பக்தி முழுவதும் ஒரே ஆட்டத்துக்குப் போவது அந்த ஆட்டத்துக்கும் நல்லதில்லை என்று உண்மையாகவே நம்புகிறேன். தோல்வியைத் தாங்க முடியாமல் வீடுகளில் கல்லெறிகிறார்கள் என்றால், வேறு எதிலும் மகிழ இடமில்லாததும் ஒரு காரணம். 2007 உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் தோற்றபோது ராஞ்சியில் கட்டிக்கொண்டிருந்த தோனியின் வீட்டை உடைத்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் அவரே இருபது ஓவர் கோப்பையோடு வந்தார். உடைத்தவர்களும் ஊர்வலத்தில் இருந்திருப்பார்கள்.

டென்னிஸ் பால்

ஹாக்கி அண்ணா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பணத்தையும் தொலைக்காட்சியையும் மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. நான் சேலம் பக்கம். எங்கள் ஊரில் கிரிக்கெட் தொலைக்காட்சியிலிருந்து இறங்கி வந்தது என்றாலும் தங்கியது வேறு காரணத்தால்.

அறுவடை முடிந்த வயல், ஒரு பந்து, தென்னை மட்டையைச் செதுக்கி ஒரு பேட், அவ்வளவுதான். எத்தனை பேர் வந்தாலும் ஆடலாம். ஒற்றைப்படையில் ஆள் வந்தால் ஒருவரை ஜோக்கர் என்று வைத்து இரண்டு அணிக்கும் ஆட விடுவோம். பெரும்பாலும் அது நானாக இருப்பேன். இரண்டு பக்கத்துக்கும் முழு மனதோடு ஆட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் சேர்க்க மாட்டார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். தெருவில் அம்பயர் யார்? பேட்டிங் அணியில் அடுத்து ஆடக் காத்திருக்கும் பையன். தன் ஆளுக்குத் தானே அவுட் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சண்டை, சண்டை வந்தால் ஆட்டம் நின்றுவிடும், இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். அதனால் கொடுத்துவிடுவோம். எதிரணி இல்லாமல் சாயங்காலம் இல்லை என்று ஏழு வயதிலேயே தெரிந்துவிடும். கேலரிக்காரன் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். சேப்பாக்கத்தில் கைதட்டியவர்களில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் ஆடி வளர்ந்திருப்பார்கள்.

எங்கள் பக்கத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் போனார். டென்னிஸ் பந்துப் போட்டிகளில் யார்க்கர் (ஆடுபவரின் காலடியில் விழும் பந்து) வீசியே பெயர் வாங்கியவர். 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் வீசுவதற்காகப் போனவர், அதே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். மகள் பிறந்து முகம்கூடப் பார்க்காமல் அங்கேயே இருந்தார். பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். காலை ஐந்தரைக்கெல்லாம் ஆட்டம் தொடங்கிவிடும், எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும். அவர் ஓடிவந்து வீசும்போது யாரும் பேச மாட்டோம். என் பாட்டிக்கு எல்பிடபிள்யூ என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் நடராஜன் பந்துக்குக் கை உயர்ந்தால் கும்பிடுவார். இது ஜெயிப்பதன் மேல் உள்ள ஆசையா, ஆட்டத்தின் மேல் உள்ள அன்பா என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. நம்மில் ஒருவன் அங்கே நிற்கிறான். அவ்வளவுதான்.

இடதுகைக்காரி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு வந்தேன். தேசத்தின் பித்து, தேசத்தின் அன்பு என்கிறீர்கள். அந்தத் தேசத்தில் பாதிப்பேர் எங்கே?

நான் மாவட்ட அணிக்கு ஆடியவள். எங்களுக்கு மைதானம் கிடைத்தது பையன்கள் பயிற்சி முடித்துப் போன பிறகு. ஒரு பயிற்சியாளர் என் முகத்துக்கு நேராகவே, பெண்கள் ஆடுவதைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும்.

இந்தியப் பெண்கள் அணி முதல் டெஸ்ட் ஆடியது 1976-ல். தலைவி சாந்தா ரங்கசாமி, பிறந்தது சென்னையில். அந்தக் காலத்து வீராங்கனைகள் முன்பதிவு இல்லாத ரயில் பெட்டியில் மூட்டை முடிச்சோடு போய் ஆடிவிட்டு வந்தார்கள். 2006 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் கீழேகூட அவர்கள் இல்லை. 2013 உலகக் கோப்பையில் திருஷ் காமினி சதம் அடித்தார். உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் அவர், நம் தமிழ்நாட்டுப் பெண். அன்று எத்தனை பேருக்கு அது தெரியும்? ஒரு பக்தி முப்பது நாற்பது வருடம் ஒரு பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் கற்றார்கள் என்று முதல் பதிவில் இருக்கிறது. என் வீட்டில் அது தலைகீழ். என் அப்பா 1983 ஆட்டக்காரர்கள் அத்தனை பேரையும் வரிசையாகச் சொல்வார், நான் ஆடிய ஒரு போட்டிக்கும் வந்ததில்லை. 2017 ஜூலையில் லார்ட்ஸில் பெண்கள் இறுதி ஆட்டம். நான்தான் பிடித்து உட்கார வைத்தேன். 229 வேண்டும், 191-க்கு மூன்று விக்கெட்தான் போயிருந்தது. அங்கிருந்து சரிந்து 219-ல் முடிந்தது. ஒன்பது ஓட்டத்தில் தோல்வி. அப்பா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பரிசளிப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள், அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார்.

2024 ஜூனில் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுடன் பெண்கள் டெஸ்ட். ஷஃபாலி 205, ஸ்மிருதி 149. அப்பாவை நான் அழைத்துப்போனேன். எழுபது வயதில், ஷஃபாலி இரட்டைச் சதம் தொட்டபோது எழுந்து நின்றார். 2025 நவம்பர் 2-ல் நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கடைசி கேட்சைப் பிடித்து, நாம் 52 ஓட்டத்தில் உலகக் கோப்பை வென்றபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். யாரோ ஒரு பையன், எட்டு வயது இருக்கும், தீப்தி தீப்தி என்று கத்திக்கொண்டு ஓடினான். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

கேலரிக்காரன்

இடதுகைக்காரி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பெரியவர்களிடமிருந்து என்று நான் உறுதியாகச் சொன்னது தவறோ என்று இப்போது யோசிக்கிறேன்.

டென்னிஸ் பால், ஜோக்கர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நாங்களும் அப்படித்தான் ஆடினோம்.

எனக்கு உண்மையான கவலை வேறு. இன்றைக்கு அந்த மாதிரி ஒரு தோல்வி வந்தால் எழுந்து நிற்போமா? 2023 நவம்பர் 19, அகமதாபாத் இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். டிராவிஸ் ஹெட் 137 அடித்தார். உலகக் கோப்பை இறுதியில் துரத்தி ஆடிச் சதம். 1999 சேப்பாக்கமாக இருந்தால் மட்டையைத் தூக்கிக் காட்டிய அந்த நொடிக்கு எழுந்திருப்போம். அங்கே ஒன்றும் கேட்கவில்லை.

ஆறாவது ஸ்டம்ப்

அகமதாபாத்துக்கு ஒரு மாதம் முன்னால் சேப்பாக்கத்தில் நடந்ததையும் சொல்லுங்கள். அக்டோபர் 23, பாகிஸ்தான் - ஆப்கானிஸ்தான். 283 வேண்டும், ஆப்கானிஸ்தான் இரண்டே விக்கெட் இழந்து எடுத்துவிட்டது. இப்ராகிம் ஸத்ரான் 87. இதில் இந்தியா ஆடவே இல்லை. மக்கள் ஏன் வந்தார்கள்? கிரிக்கெட் பார்க்க வந்தார்கள். ஆட்டம் முடிந்து ஆப்கான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது, ஒரு பக்கம் பாக்கி இல்லாமல் கைதட்டல். நான் மகளோடு போயிருந்தேன். 24 வருடம் கழித்து, அதே மண்ணில், வேறொரு அணி சுற்றி வருவதைப் பார்த்து என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். எனக்கு முன்னால் நின்று தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவர்கள் 1999-ஐப் பார்த்தவர்கள் இல்லை.

2012-லிருந்து பல வருடம் ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் பூட்டிக் கிடந்தனவே. அந்த ஸ்டாண்டுகளோடு பழைய ரசிகர்களும் போய்விட்டார்கள் என்று நான்தான் அடிக்கடி சொல்வேன். அன்றைக்கு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

ஹூக்ளிக்கரை

பெங்களூரைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 2025 ஜூன் 4, சின்னசாமி மைதானத்துக்கு வெளியே, ஐபிஎல் கோப்பை ஜெயித்த பெங்களூர் அணியைப் பார்க்க வந்த கூட்டத்தில் 11 பேர் இறந்தார்கள். எல்லோரும் இளம் வயது, பள்ளிப் பிள்ளைகள்கூட. ஜெயித்த மறுநாள் அது. என் அண்ணன் மகன் அந்தக் கூட்டத்தில் இருந்தான். செருப்பு இல்லாமல், சட்டை கிழிந்து, ராத்திரி வீட்டுக்கு வந்தான். அவன் அந்த அணியின் ஜெர்சியை மடித்து அலமாரிக்குள் வைத்தவன் இன்னும் எடுக்கவில்லை.

தோல்வியை எப்படித் தாங்குகிறோம் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். இத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்தும் அவர்களுக்கு வழி செய்யாதவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் இந்த அன்பை என்னவென்று நினைக்கிறார்கள்? ஈடனில் முன்பு கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும், குடிதண்ணீர் இருக்காது. அப்போதும் வந்தோம். எப்படியும் வருவார்கள் என்ற தைரியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஹாக்கி மட்டை

ஆமாம். இதை வாசித்த பிறகு வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

பொங்கல் டெஸ்ட்

அந்தப் பதினொரு வீட்டிலும் இனி கிரிக்கெட் ஒளிபரப்பை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

கேலரிக்காரன் தம்பி, ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அப்பா நோட்டில் ஸ்கோர் எழுதுவாரா? 1999-ல் எங்கள் பக்கத்தில் சிறுபையனோடு வந்த ஒருவர் பச்சை அட்டை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அவராகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, அப்படி எழுதுகிறவர்கள் அன்று நிறைய பேர். இருந்தாலும் கேட்கத் தோன்றியது. அந்தப் பக்கத்தைப் பார்க்க ஆசை.

கேலரிக்காரன்

ஐயா, எழுதுவார். பச்சை அட்டையா என்று நினைவில்லை. அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. நோட்டுகள் அம்மாவிடம் இருக்கின்றன. ஞாயிறு ஊருக்குப் போகிறேன், தேடிப் பார்க்கிறேன்.

கேலரிக்காரன்

கிடைத்தது. நீல அட்டை, ஐயா. நீங்கள் பார்த்தவர் வேறு யாரோ.

நான்காம் நாளுக்கு மட்டும் மூன்று பக்கம். மோங்கியா அவுட்டாகும்வரை புள்ளிகள் வரிசையாக, பென்சில் கூர் மழுங்காமல் இருக்கின்றன. சச்சின் பெயருக்கு எதிரே 136 என்று எழுதி இரண்டு கோடு. அதற்குக் கீழே கையெழுத்து கொஞ்சம் கலைந்திருக்கிறது. கடைசி மூன்று விக்கெட்டுகளுக்கு நேரம் போடவில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறார். சக்லைன் பெயருக்கு எதிரே 5 என்று எழுதி வட்டம்.

பக்கத்தின் அடியில் பேனாவில், வீட்டுக்கு வந்த பிறகு எழுதியிருக்க வேண்டும், நாலு வரி. அப்படியே தருகிறேன்.

"பாக். 12 ஓட்டத்தில் வெற்றி. நல்ல ஆட்டம். எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்கு எழ மனம் வரவில்லை. பையன் படி ஏறி நின்று தட்டினான். அப்புறம் எழுந்தேன்."